சிவப்பு மையில் பன்னிரண்டு கோடு

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்து டீ வந்திருந்தது. தலைமை ஆசிரியை மேசை இழுப்பறையைத் திறந்து மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்தார். "நீங்களே பாருங்கம்மா" என்று என் பக்கம் தள்ளினார்.

மொத்தம் இருபத்தேழு பெயர். அதில் பன்னிரண்டு பெயர்கள் மேல் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு. கோட்டுக்கு நேராக, கடைசிக் கட்டத்தில், டி.சி. கொடுத்த தேதி சின்ன எழுத்தில் இருந்தது. ஒன்பது பேருக்குத்தான் தேதி. மீதி மூன்று பேருக்கு அந்தக் கட்டம் காலியாக இருந்தது, பென்சிலில் ஒரு கேள்விக்குறி மட்டும். அந்த மூன்று பிள்ளைகளும் எங்கே போனார்கள் என்று பள்ளிக்குத் தெரியவில்லை.

தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் அரையாண்டுத் தேர்வை ஒட்டிய ஆறு வாரத்துக்குள் அடங்கிவிட்டன. அந்த ஆறு வாரத்தில் எங்கள் பக்கம் வெள்ளம் வரவில்லை, நோய் வரவில்லை. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஹவுசிங் போர்டில் நாலு பிளாக்கை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள் என்றார்கள். அவ்வளவுதான்.

அந்த நாலில் ஒரு பிளாக்கில்தான் நான் பிறந்தேன். வடசென்னையில், புளியந்தோப்புப் பக்கம். மூன்றாவது மாடி, ஒரு அறை, ஒரு சமையல் மூலை. மழை பெய்தால் ஒழுகும் இடத்தில் குண்டான் வைப்போம். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்ற வாசகத்தைப் பார்க்கலாம். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாக்கியம் அதுதான் என்று அம்மா சொல்வாள். 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். எங்கள் வாயில் அது இன்றும் ஹவுசிங் போர்டுதான்.

பள்ளிக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு மதில்சுவர்தான். முதல் மணி அடித்த பிறகு தலை பின்ன ஆரம்பித்தாலும் வழிபாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அம்மா அதே பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். மதியம் தட்டு எண்ணும்போதே யார் வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சாயந்தரம் படி ஏறும்போது அந்த வீட்டு வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பாள். "இன்னா, பையன் வரல? காய்ச்சலா?" காய்ச்சலாக இருந்தால் சரி. லேத் பட்டறைக்கோ மீன் மார்க்கெட்டுக்கோ அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தால் சண்டைதான். அந்தப் பையன் மறுநாள் பள்ளியில் இருப்பான். இதற்கு எந்த அரசாணையும் கிடையாது, எந்தத் திட்டத்திலும் இது ஒரு இனமாக வராது. எங்கள் பிளாக்கிலிருந்து நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டியதற்கு அம்மா மாதிரி நாலைந்து பெண்கள் அந்தப் படிக்கட்டில் போய்வந்ததுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இடிப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கட்டடங்களில் படுத்தவர்களுக்குத்தான் தெரியும். மேற்கூரைக் காரை பெயர்ந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பு ஒன்று அப்படியே சரிந்தது. இருபத்துநான்கு வீடு. அது 1993இல் கட்டியது, எங்கள் பிளாக்கை விட வயதில் எவ்வளவோ சின்னது. முன்கூட்டியே விரிசலைப் பார்த்து ஜனங்கள் வெளியே ஓடி வந்ததால் உயிர் பிழைத்தார்கள். அந்தச் செய்தி வந்த ராத்திரி எங்கள் ஏரியாவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. வீடு புதிதாக வேண்டும். 400 சதுர அடியில், வீட்டுக்குள்ளேயே கழிவறையோடு, பெண்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்ற ஒரு தனி அறையோடு வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

பிரச்சினை, கட்டி முடிக்கும் வரை எங்கே இருப்பது என்பதில் இருக்கிறது.

மறுகட்டுமானம் நடக்கும்போது காலி செய்கிற குடும்பத்துக்கு முன்பெல்லாம் 8,000 ரூபாய் கொடுத்தார்கள். இப்போது 24,000. கூட்டியது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் கட்டி முடிக்க இரண்டு வருஷம் என்று வைத்துக்கொண்டால்கூட அது மாசத்துக்கு 1,000 ரூபாய். வியாசர்பாடியிலோ பட்டாளத்திலோ ஒற்றை அறைக்கு என்ன வாடகை, அதற்கு எத்தனை மாச அட்வான்ஸ் என்று ஒரு நாள் தெருவில் நடந்து விசாரித்தால் தெரியும். ஹவுசிங் போர்டு ஆள் என்றால் வீடே தராத தெருக்களும் இருக்கின்றன. அதனால் ஜனங்கள் வாடகை குறைகிற திசையில் போனார்கள். கொடுங்கையூர், மூலக்கடை, மாதவரம், செங்குன்றம். மீஞ்சூர் வரைக்கும் போன குடும்பம் உண்டு. ஒரே படிக்கட்டில் இருந்தவர்கள் இருபது கிலோமீட்டர் வட்டத்துக்குச் சிதறிப் போனார்கள்.

எங்கள் எதிர் வீட்டுக்காரிக்கு மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. செங்குன்றம் தாண்டி ஒரு வீடு பிடித்தார்கள். அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடலாமே என்று கேட்டேன். "ரெண்டு வருஷத்துல திரும்பி வரப் போறோம், அதுக்குள்ள ரெண்டு ஸ்கூல் மாத்தணுமா யக்கா?" என்றாள். நியாயம்தான். மகளுக்குக் கல்லூரியில் புதுமைப்பெண் உதவித்தொகை கிடைக்க வேண்டுமென்றால் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளிக் கணக்குத் தவறாமல் வைத்திருக்க வேண்டும் என்ற கவலை வேறு. அது மாநிலத்தில் எந்த அரசுப் பள்ளியிலும் செல்லும் என்று விளக்கிச் சொன்னேன். ஆனாலும் அவளுக்கு இந்தப் பள்ளியை விட மனசில்லை.

ஆக, அக்காவும் தம்பியும் காலையில் ஆறே காலுக்குக் கிளம்பினார்கள். ஒரு பஸ் மூலக்கடை வரை. அங்கிருந்து இன்னொன்று. பெண்களுக்குக் கட்டணமில்லை, பையனுக்குப் பாஸ் இருந்தது. காசு பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. மூலக்கடையில் அந்த நேரத்துக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண் தம்பியின் பையை முன்னால் மாட்டிக்கொண்டு, தன் பையைப் பின்னால் மாட்டிக்கொண்டு, அவன் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவாள். பள்ளி வாசலுக்கு வரும்போது பெரும்பாலும் வழிபாடு முடிந்திருக்கும்.

வழிபாட்டுக்கு முன்னால் காலை உணவு முடிந்துவிடும்.

இதை நான் யோசித்ததே இல்லை. ஒரு புதன்கிழமை, பொங்கல் போடுகிற நாள், நான் பள்ளியில் இருந்தேன். பாத்திரத்தைக் கழுவக் கொண்டு போன பிறகு அந்தப் பையன் ஓடி வந்தான். சமையல்காரம்மாவைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை, பையை வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை நான் எல்லா இடத்திலும் பாராட்டிப் பேசுகிறவள். 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த திட்டம். 1920இல் நீதிக் கட்சி காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்ததிலிருந்து இந்த ஊரில் சோறும் படிப்பும் ஒன்றாகத்தான் வந்திருக்கின்றன. நல்ல திட்டம்தான். அது யாருக்காக வந்ததோ அந்தப் பிள்ளை செங்குன்றத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் வீட்டை இடித்ததும் ஒரு நல்ல திட்டம்தான். இரண்டு நல்ல திட்டங்களுக்கும் நடுவில் ஒரு பிள்ளை பட்டினியாக வரிசையில் நிற்கிறான்.

மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பையன் வரவில்லை. அவனை அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். பெண் மட்டும் தனியாக வந்துகொண்டிருந்தாள்.

இனிமேல் சொல்லப்போவது வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம். எனக்கும் குழுவில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. 2024இல் மேலாண்மைக் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அப்படித்தான் நான் உள்ளே வந்தேன்.

ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளில் 60 பிள்ளை வரை இருந்தால் 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரத்தை வைத்துக் கணக்கெடுப்பார்கள். எண்ணிக்கை குறைந்த பள்ளியில் ஆசிரியர் உபரி ஆகிவிடுவார். உபரியைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். பொதுவாகப் பார்த்தால் இது சரியான ஏற்பாடு. பிள்ளை இல்லாத இடத்தில் ஆசிரியர் சும்மா உட்கார்ந்திருக்க, பிள்ளை நிறைந்த இடத்தில் ஆள் இல்லாமல் இருந்தால் அதுவும் அநியாயம்தானே.

எங்கள் தொடக்க வகுப்புகளில் 104 பிள்ளைகள் இருந்தார்கள். பிளாக் காலியான பிறகு வந்த ஆகஸ்டில் 58. நாலு ஆசிரியருக்குத் தகுதியான பள்ளி இரண்டு ஆசிரியர் பள்ளி ஆகிவிட்டது. ஒரு ஆசிரியை உடனே போனார். பதினோரு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். எந்த வீட்டில் அப்பா குடிப்பார், எந்தப் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது, யாரை முதல் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்று அறிந்தவர். இன்னொருவரும் சில மாதங்களில் மாறினார். மீதி இருவரும் ஐந்து வகுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்துவதைப் பார்த்த இரண்டு மூன்று பெற்றோர், ஹவுசிங் போர்டுக்கு வெளியே தெருவில் இருப்பவர்கள், தங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். 58, 53 ஆனது.

கட்டட வேலை முடிந்து குடும்பங்கள் திரும்பும்போது வீடு புதிதாக இருக்கும். பள்ளி பாதியாக இருக்கும். திரும்பி வருகிற அம்மா பள்ளி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இங்க டீச்சரே இல்லியே" என்று மெயின் ரோட்டுத் தனியார் பள்ளிக்கு நடப்பாள். பிறகு எண்ணிக்கை குறைவு என்று ஒரு அறிக்கை வரும். அந்த அறிக்கையைப் படிக்கிறவர்கள், ஜனங்களுக்கு மாநகராட்சிப் பள்ளிமேல் நம்பிக்கை போய்விட்டது, ஆங்கில மோகம் என்றெல்லாம் பேசுவார்கள். ஜே.சி.பி.யைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது. இது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வடசென்னைக்குப் பணம் வருகிறது. 2023இல் 1,000 கோடி என்று அறிவித்த வடசென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கி வைத்தபோது 4,181 கோடி ஆகியிருந்தது. பாலம், கால்வாய், குடிநீர், ஆஸ்பத்திரி, விளையாட்டுத் திடல், பள்ளிக் கட்டடம் எல்லாம் அதில் இருக்கின்றன. இத்தனை வருஷம் குப்பைமேட்டையும் அனல்மின் நிலையத்தையும் மட்டுமே எங்கள் பக்கம் அனுப்பிய நகரம் இப்போது நூலகமும் அனுப்புகிறது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்துக்குப் போய்ப் பார்த்தேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் அவ்வளவு பேர் அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது, வராண்டாவில் பாய் விரித்துப் படித்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாநகராட்சியும் பள்ளிகளுக்குச் செலவு செய்யாமல் இல்லை. பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் நிதியுதவியோடு 28 பள்ளிகளைச் சுமார் 95 கோடியில் மேம்படுத்தினார்கள். ஸ்மார்ட் வகுப்பறை, ஆய்வகம், மைதானம். சென்று பார்த்தால் பெருமையாக இருக்கும். ஆனால் மாநகராட்சிப் பள்ளிகளின் மொத்த எண்ணிக்கையில் 28 என்பது சின்னப் பங்குதான். மேம்பட்ட பள்ளிக்கும் மேம்படாத பள்ளிக்கும் நடுவில் இப்போது ஒரு புது ஏற்றத்தாழ்வு வந்திருக்கிறது. நல்ல பள்ளி ஒன்றரை கிலோமீட்டரில் இருந்தால், டூவீலர் இருக்கிற அப்பா அங்கே கொண்டு விடுகிறார். பெரம்பூர் பாலத்தைத் தாண்ட வேண்டும், பெரிய ரோட்டைக் கடக்க வேண்டும். வீட்டு வேலைக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடுகிற அம்மாவின் பிள்ளை சுவரை ஒட்டிய பள்ளிக்குத்தான் வர முடியும். அந்தச் சுவரை ஒட்டிய பள்ளிதான் ஆசிரியரை இழந்துகொண்டிருக்கிறது.

அப்போ தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய 25 சதவீத இடம்? கல்வி உரிமைச் சட்டம் 12ஆம் பிரிவில் கொடுத்த அந்த வழி இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். நுழைவு வகுப்பில் சேர, நம் மாநில விதிப்படி வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்கள் பிளாக்கிலிருந்து போன ஒரு தாய் எல்.கே.ஜி.க்கு விண்ணப்பிக்கப் பார்த்தாள். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் இடித்துப்போட்ட பிளாக்கின் முகவரி. குடியிருப்பது மாதவரத்துக்கு அப்பால், வாடகை ஒப்பந்தம் கிடையாது. பழைய முகவரிக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைத்தால் நாலு வயசுப் பிள்ளையைத் தினமும் யார் கொண்டு வருவது? இருக்கிற முகவரிக்கோ ஆதாரம் இல்லை. 2025இல் ஒன்றிய அரசு, இந்த இடங்களுக்கான கட்டணமும் அடங்கிய சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்ட நிதியை நிறுத்தி வைத்ததில் ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பமே தொடங்கவில்லை. இட ஒதுக்கீட்டை நம்பிக் காத்திருந்த வீடுகள் ஜூனில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டின.

ஊரை விட்டே தூக்கிக் கொண்டுபோய்ப் போடுவதை விட இது தேவலை என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மைதான். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் சத்தியவாணி முத்து நகரில் 2019 டிசம்பரில் காலி செய்யவைத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளி ஆண்டின் நடுவில், முப்பது கிலோமீட்டர் போல. அதோடு ஒப்பிட்டால் நாங்கள் அதே இடத்துக்குத் திரும்பி வரும் உரிமையோடு போனவர்கள். இந்த வித்தியாசத்துக்காக எத்தனையோ பேர் போராடியிருக்கிறார்கள், அதை நான் மறக்கவில்லை. ஆனால் திரும்பி வரும் உரிமை பெரியவர்களுக்குத்தான் முழுசாகக் கிடைக்கிறது. வீடு இரண்டு வருஷம் காத்திருக்கும், மூன்றாம் வகுப்பு காத்திருக்காது.

எங்கள் குழு கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. காலி செய்யச் சொல்வதை ஆண்டுத் தேர்வு முடிந்து மே மாதத்தில் செய்யுங்கள். மறுகட்டுமானம் நடக்கும் இடத்துப் பள்ளிக்கு, இடிப்பதற்கு முந்தைய வருஷ எண்ணிக்கையையே வைத்து ஆசிரியர் பணியிடத்தைக் கணக்கிடுங்கள், குடும்பங்கள் திரும்பி ஒரு வருஷம் ஆகும் வரை. இரண்டு மூன்று ஆசிரியரின் சம்பளம், ஒரு பிளாக் கட்டும் செலவில் எந்த மூலைக்கு? 24,000ஐ மொத்தமாகக் கொடுக்காமல், வாடகைக்கு ஈடாக மாதாமாதம், கட்டி முடிக்கும் வரை கொடுங்கள். அப்படிச் செய்தால் பாதிப் பேர் வியாசர்பாடியை விட்டே போகமாட்டார்கள். இது முடியாது என்றால் பள்ளிக்கு ஒரு வேன் விடுங்கள்.

இதை எல்லாம் எழுதி ஒரு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனோம். தலைமை ஆசிரியை வர முடியாது, அரசு ஊழியர். நானும் மூன்று அம்மாக்களும் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், உட்காரச் சொன்னார், படித்தார். "இதெல்லாம் ஸ்கூல் சம்பந்தப்பட்டதும்மா, அந்த டிபார்ட்மென்ட்ல கொடுங்க" என்றார். அந்த டிபார்ட்மென்ட்டில் ஏற்கெனவே கொடுத்திருந்தோம். அது வீடு சம்பந்தப்பட்டது என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அடுத்து இடிக்கப்போகும் பிளாக்கின் கணக்கெடுப்புப் படிவம் அவர் மேசையில் இருந்தது. எட்டிப் பார்த்தேன். குடும்பத் தலைவர் பெயர், ஆதார் எண், ரேஷன் கார்டு எண், நபர்கள் எண்ணிக்கை, கைரேகை. "இதுல பிள்ளை எந்த ஸ்கூல், எந்த வகுப்புன்னு ஒரு கட்டம் சேர்க்க முடியாதா சார்?" என்று கேட்டேன். அவர் படிவத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "மேல இருந்து வர்ற ஃபார்மட்மா" என்றார்.

சரி என்று வந்துவிட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நீள நோட்டு வாங்கி, அடுத்து இடிக்கப்போகும் பிளாக்கில் கீழ்த்தளத்திலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்ட ஆரம்பித்தோம். பிள்ளை பெயர், வகுப்பு, பள்ளி, காலி செய்தால் எந்தப் பக்கம் போவீர்கள், கூப்பிட ஒரு போன் நம்பர். செங்குன்றத்திலிருந்து வருகிற அந்தப் பெண்தான் எழுதினாள், கையெழுத்து நன்றாக இருக்கும். இரண்டாவது மாடியில் ஒரு பாட்டி பேரனின் பெயரைச் சொல்லிவிட்டு, "இத்த எழுதிக்கினா இன்னாம்மா ஆவும்?" என்று கேட்டார். "நீங்க எங்க போனாலும் தம்பி ஸ்கூலுக்கு வரலன்னா நாங்க போன் பண்ணுவோம் பாட்டி" என்று அந்தப் பெண் சொன்னாள். பாட்டி உள்ளே போய் இன்னொரு நம்பரும் எடுத்து வந்து கொடுத்தார்.